கண்ணாடி திரும்பினால் கதிர் திரும்பும்

முகம் பார்க்கும் சிறு கண்ணாடி ஒன்று இல்லாத வீடு நம்மிடையே இராது. காலை வெயில் முற்றத்தில் விழும் வேளையில் அதனைக் கையில் எடுத்து, சூரிய ஒளி படும்படி பிடித்துப் பாருங்கள். எதிர்ச் சுவரில் ஒரு வெளிச்சத் திட்டு தோன்றும். கண்ணாடியை அசையாமல் பிடித்தால் திட்டும் அசையாமல் நிற்கும். மெல்லச் சாய்த்தால் அது சுவரின்மீது ஓடும். கை சாய்ப்பது சிறிதளவே. வெளிச்சம் ஓடுவதோ வெகுதூரம். பிள்ளைகள் இதை விளையாட்டாகச் செய்து வீட்டுப் பெரியவர்களிடம் ஏச்சு வாங்குவதை நீங்கள் கண்டிருப்பீர்கள்.

அந்த விளையாட்டுக்குள் ஓர் ஒழுங்கான கணக்கு இருக்கின்றது. ஒளி ஒரு கண்ணாடியின்மீது எந்தக் கோணத்தில் வந்து விழுகின்றதோ, அதே கோணத்தில்தான் மறுபுறம் திரும்பிச் செல்லும். ஆகவே கண்ணாடியை ஒரு பாகை திருப்பினால் வந்து விழும் கோணம் ஒரு பாகை கூடும். திரும்பிச் செல்லும் கோணமும் ஒரு பாகை கூடும். இரண்டும் சேர்ந்து கதிர் இரண்டு பாகை திரும்பிவிடும். பத்தடிக்கு அப்பாலுள்ள சுவரில் இது நான்கு அங்குலத்துக்குச் சற்று அதிகமான நகர்ச்சியாகத் தெரியும். நூறு அடிக்கு அப்பால் ஏறத்தாழ மூன்றரை அடியாகிவிடும். கண்ணாடி திரும்பும் அளவைப்போல் கதிர் இரு மடங்கு திரும்பும் என்னும் இந்த ஒரே விதியைக் கொண்டு மனிதன் எத்தனையோ காரியங்களைச் சாதித்திருக்கின்றான்.

அலுவலகங்களில் காணப்படும் லேசர் அச்சு இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1960களின் இறுதியில் அமெரிக்காவின் ஜெராக்ஸ் நிறுவனத்தில் கேரி ஸ்டார்க்வெதர் என்னும் பொறியாளர் அதனை உருவாக்கும் பணியில் இறங்கினார். அதனுள் லேசர் விளக்கு ஒரே இடத்தில் அசையாமல் இருக்கும். அதற்கு முன்னால் பல முகங்கள் கொண்ட சிறு கண்ணாடி ஒன்று வேகமாகச் சுழலும். ஒவ்வொரு முகமும் கதிரைப் பிடித்து, உருளையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இழுத்துச் செல்லும். அந்த முகம் விலகி அடுத்த முகம் வந்தவுடன் கதிர் தொடக்கத்துக்குத் தாவி அடுத்த வரியை எழுதும். விளக்கையே அங்குமிங்கும் நகர்த்துவதைவிட, இலேசான கண்ணாடியைத் திருப்புவது எளிது. விரைவும் துல்லியமும் அதில்தான் மிகுதி. சுழலும் கண்ணாடியின் சிறப்பு முழுவதும் இதற்குள் அடங்கிவிடும்.

இதையெல்லாம் சொல்லும் நான் விஞ்ஞானம் பயின்றவன் அல்லன். கல்லூரியில் வரலாறு படித்துப் பட்டம் பெற்று, பின்னர் மார்க்கக் கல்வி கற்று, இன்று எங்கள் ஊர் மத்ரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வருபவன். கண்ணாடியும் கதிரும் என்னிடம் வந்து சேர்ந்தது என் தாயாரின் கண் வழியாகத்தான். நம் இல்லங்கள் பலவற்றிலும் சர்க்கரை நோய் குடிபுகுந்துவிட்ட காரணத்தால், அந்த அனுபவத்தை உங்கள் முன் வைப்பது கடமை என்று கருதுகின்றேன்.

என் தாயாருக்குச் சர்க்கரை நோய் ஏற்பட்டுப் பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. வேளை தவறாமல் மாத்திரை உண்பார். ஸுப்ஹுத் தொழுகைக்குப் பின் முஸ்ஹஃபை விரித்து வைத்து ஒரு மணி நேரம் ஓதுவார். 2019ஆம் ஆண்டு எங்கள் ஜமாஅத்தின் திருமண மண்டபத்தில் இலவசக் கண் பரிசோதனை முகாம் ஒன்று நடந்தது. பக்கத்து வீட்டு மாமிக்குத் துணையாகச் சென்றவர், வரிசையில் நின்ற தொண்டர்கள் வற்புறுத்தியதால் தம் கண்களையும் காட்டிவிட்டு வந்தார். மறுநாளே மதுரைக்கு வரவேண்டும் என்று ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். சீட்டை என்னிடம் நீட்டிய அவர், “எனக்குக் கண்ணு நல்லாத்தானே தெரியுது வாப்பா, எதுக்கு இந்த அலைச்சல்?” என்றார்.

நன்றாகத் தெரிந்தது உண்மையே. ஆனால் தெரிந்ததெல்லாம் வலக் கண்ணால் மட்டுமே. இடக் கண்ணில் சில மாதங்களாகவே மங்கல் இருந்திருக்கின்றது. வயதின் காரணமாகப் புரை வளர்கின்றது என்று தமக்குத் தாமே முடிவு கட்டிக்கொண்டு, பிள்ளைகளுக்குச் செலவு வைக்கலாகாது என்று அதை வெளியே சொல்லாமல் இருந்துவிட்டார். நம் வீடுகளில் தாய்மார் வழக்கமாகச் செய்வதுதான் இது. இரு கண்களும் திறந்திருக்கும்போது ஒரு கண்ணின் குறையை மற்றொன்று மறைத்துவிடும். மதுரையில் மருத்துவர் அம்மையார் பரிசோதித்துவிட்டு, இடக் கண்ணின் உள்ளே இரத்தம் கசிந்து, தழும்பு உண்டாகி, விழித்திரை இழுக்கப்பட்டிருக்கின்றது என்றும், இழந்த பார்வை பெருமளவு திரும்பாது என்றும் கூறினார். வலக் கண்ணிலும் அதே நோய் தொடங்கிவிட்டது, இன்னும் கசியவில்லை. “இந்தக் கண்ணைக் காப்பாத்தறதுக்கு இப்ப நேரம் இருக்கு ஐயா. தள்ளிப் போடாதீங்க” என்றார்.

நோயின் போக்கை அவர் விளக்கியவாறே உங்களுக்கும் சொல்கின்றேன். கண்ணின் பின்புறச் சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய திரை ஒன்றின்மீதுதான் நாம் காணும் காட்சிகள் யாவும் விழுகின்றன. அதற்கு விழித்திரை என்று பெயர். அதற்கு உணவூட்டும் இரத்த நாளங்கள் மயிரிழையினும் நுண்ணியவை. இரத்தத்தில் சர்க்கரை பல்லாண்டுகள் மிகுந்தே இருக்குமானால் அந்நாளங்கள் வலுவிழக்கும், சில கசியும், சில அடைபட்டுப் போகும். அடைபட்ட பகுதியிலுள்ள திசுக்கள் பிராணவாயுவுக்காக ஏங்கி ஓர் இரசாயனச் செய்தியை வெளிவிடும். அச்செய்தியை ஏற்றுப் புதிய நாளங்கள் முளைக்கும். உதவிக்கு வரும் இந்தப் புதிய நாளங்களே வினையாக முடியும். அவை மிகவும் மெலிந்தவை. எந்த நேரமும் வெடித்துக் கண்ணின் உட்புறத்தை இரத்தத்தால் நிரப்பக்கூடியவை. இத்தனையும் வலியின்றி, சிவப்பின்றி, உறுத்தலின்றி நடக்கும். பார்வை மங்கும்போதுதான் நோயாளிக்குச் செய்தி எட்டும்.

இதற்குரிய சிகிச்சைகளுள் ஒன்று, விழித்திரையின் ஓரப் பகுதிகளை ஒளியால் பொட்டுப் பொட்டாகச் சுட்டுவிடுவதாகும். ஏங்கும் திசுக்களின் அளவு குறைந்தால் அவை விடும் செய்தியும் குறையும். புதிய நாளங்கள் வற்றிச் சுருங்கும். ஓரத்தைக் கொடுத்து நடுவைக் காக்கும் வழி இது. கண்ணைக் கத்தியால் திறவாமலேயே, கண்மணியின் வாயில் வழியாக ஒளியை உள்ளே அனுப்பி இந்த வேலையைச் செய்கின்றார்கள்.

ஒளியால் கண்ணைச் சுடலாம் என்பதை மருத்துவ உலகம் கற்றுக்கொண்ட வரலாறு சுவையானது. 1945 ஜூலையில் ஐரோப்பாவில் தோன்றிய சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்த மாணவர் ஒருவருக்கு விழித்திரையில் தீக்காயம் ஏற்பட்டது. அதனைக் கண்ட ஜெர்மானியக் கண் மருத்துவர் மேயர் ஷ்விக்கராத், கெடுதல் செய்த அதே ஒளியை அளவோடு செலுத்தினால் நன்மை விளையுமே என்று சிந்தித்தார். 1940களின் இறுதியில் ஹாம்பர்க் நகர மருத்துவமனையின் மேல்தளத்தில், சூரியனின் போக்குக்கு ஏற்பத் திரும்பிக்கொண்டே இருக்கும் கண்ணாடி ஒன்றை நிறுவினார். வானில் சூரியன் நகர்ந்துகொண்டிருந்தாலும், கண்ணாடி அதற்கு ஈடாகத் திரும்புவதால் கதிர் மட்டும் ஒரே திசையில் கீழே இறங்கி வரும். அக்கதிரை நோயாளியின் கண்ணுக்குள் செலுத்திச் சிகிச்சை செய்தார். மேகம் மூடிய நாட்களில் சிகிச்சை நின்றுபோகும்! பின்னர் மின்சார விளக்குகள் அந்தக் குறையைத் தீர்த்தன.

1960ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவில் தியோடர் மைமன் மாணிக்கக் கல்லைக் கொண்டு முதல் லேசர் ஒளியை உண்டாக்கினார். சாதாரண விளக்கின் ஒளி பல நிறங்களின் கலவை. எல்லாப் பக்கமும் சிதறிச் செல்வது. லேசர் ஒளியோ ஒரே நிறம். விரிந்து சிதறாமல் குறுகிய கற்றையாகச் செல்வது. அதனை ஊசிமுனை போன்ற புள்ளியில் குவிக்க முடியும். 1960களின் பிற்பகுதியில் ஆர்கான் வாயுவைக் கொண்ட பச்சை நிற லேசர் கண் சிகிச்சைக்கு வந்து சேர்ந்தது. கண்ணின் முன்புறத்துத் தெளிந்த பகுதிகளைச் சுடாமல் கடந்து சென்று, பின்புறத்தில் விழித்திரையை ஒட்டியுள்ள கருநிறப் படலத்தில் அடங்கி வெப்பமாக மாறுவது அப்பச்சை ஒளியின் தன்மை. வாயிலைத் தொடாமல் உள்ளறையில் மட்டும் வேலை செய்யும் பணியாளைப் போன்றது அது.

இனி, கண்ணாடிக்கு வருவோம். சிகிச்சைக்கு முன் என் தாயாரின் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரியச் செய்தார்கள். மற்றொரு சொட்டு மருந்தால் கண்ணை மரத்துப்போகச் செய்தார்கள். தாடையை ஒரு தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் சாய்த்து அமர வைத்தார்கள். எதிரே நுண்ணோக்கி வழியாக மருத்துவர் பார்க்கின்றார். லேசர் விளக்கு ஒரு பெட்டிக்குள் அசையாமல் இருக்கின்றது. அதன் கதிர் நுண்ணோக்கியின் முன்புள்ள சிறு கண்ணாடியில் பட்டுத் திரும்பிக் கண்ணுக்குள் நுழைகின்றது. மருத்துவரின் கையிலுள்ள குமிழ் அந்தக் கண்ணாடியைச் சாய்க்கும். முதலில் மங்கலான சிவப்புப் புள்ளி ஒன்று குறி காட்டும். குறி சரியாக இருந்தால் மட்டுமே அவர் காலால் மிதியை அழுத்துவார். அப்போதுதான் பச்சை ஒளி பாயும்.

ஆயினும் கண்மணியின் சிறிய வாயில் வழியாக நேரே நோக்கினால் விழித்திரையின் நடுப்பகுதியே தெரியும். சுட வேண்டியவையோ ஓரங்கள். இதற்கெனச் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரக் கண் மருத்துவர் ஹான்ஸ் கோல்ட்மான் வடிவமைத்த வில்லை ஒன்று உண்டு. ஒரு சிறு மூடி போன்ற அந்த வில்லையைக் கண்ணின் மேல் வைப்பார்கள். அதற்குள் மூன்று கண்ணாடிகள் 59, 67, 73 பாகை எனும் வெவ்வேறு சாய்வுகளில் பொருத்தப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் விழித்திரையின் ஒவ்வொரு வட்டத்தைக் காட்டும். மருத்துவர் விரல்நுனிகளால் வில்லையை மெல்லச் சுழற்றச் சுழற்ற, லேசர் கதிர் ஓரத்தைச் சுற்றி வலம் வரும். இதிலொரு நுட்பம் கவனிக்கத்தக்கது. மேற்புறமுள்ள கண்ணாடியில் தெரிவது கண்ணின் கீழ்ப்புறம். வலப்புறக் கண்ணாடியில் தெரிவது இடப்புறம். எதிர்த்திசையில் சிந்தித்தே மருத்துவர் குறி வைக்க வேண்டும். விழித்திரையின் நடுவே ஒரு சிறு பகுதி இருக்கின்றது. நாம் எழுத்தை வாசிப்பதும் முகத்தை இனங்காண்பதும் அதனால்தான். குறி தவறி அதன்மீது கதிர் விழுந்துவிட்டால், காக்க வந்த ஒளியே பார்வையைப் பறித்துவிடும்.

என் தாயாருக்கு எஞ்சியிருந்தது ஒரே கண். நான் அறைக்கு வெளியே நாற்காலியில் அமர்ந்து, கண்ணாடிகளின் கோணத்தைப் பற்றி எதுவும் அறியாதவனாக, அறிந்த துஆக்களை ஓதிக்கொண்டிருந்தேன். உள்ளே மருத்துவர் சொன்னது காதில் விழுந்தது: “அம்மா, நீங்க அசையாம இருந்தாப் போதும். திரும்புற வேலையைக் கண்ணாடி பார்த்துக்கும்.” இச்சொல்லின் பொருளை அறிந்துகொள்ள வேண்டும் என்னும் ஆவல் அன்றுதான் எனக்குள் எழுந்தது. கருவியை இயக்கும் உதவியாளரான இளைஞர் ஓய்வு நேரத்தில் எனக்குப் பொறுமையாக விளக்கினார். ஊர் திரும்பியபின் பள்ளி இயற்பியல் நூல்களைத் தேடிப் படித்தேன்.

இரண்டாம் அமர்வு வேறொரு கருவியில் நடந்தது. அதில் கதிரின் பாதையில் இரு சிறு கண்ணாடிகள் உள்ளன. ஒன்று திரும்பினால் கதிர் இடவலமாக நகரும். மற்றொன்று திரும்பினால் மேலும் கீழும் நகரும். இரண்டும் சேர்ந்தால் கதிரை எந்தப் புள்ளிக்கும் அனுப்பலாம். ஒவ்வொரு கண்ணாடியும் ஒரு சிறு மின் சுழலியின் அச்சில் பொருத்தப்பட்டிருக்கும். மின்னோட்டத்தின் அளவுக்கு ஏற்ப அச்சு குறிப்பிட்ட கோணத்துக்குத் திரும்பி அங்கேயே நிற்கும். பள்ளிக்கூட ஆய்வகத்தில் முள் அசைந்து மின்சாரத்தைக் காட்டும் கால்வனோமீட்டரைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். முள்ளுக்குப் பதிலாகக் கண்ணாடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவர் வரிசைக்கு ஐந்தாக ஐந்து வரிசை என்று கணினிக்கு உத்தரவிட்டு மிதியை ஒருமுறை அழுத்தினால் போதும். ஒரு பொட்டு வைத்தவுடன் ஒளி அணையும். கண்ணாடிகள் அடுத்த கோணத்துக்குத் திரும்பி நிற்கும். மீண்டும் ஒளி பாயும். பொட்டு ஒன்றுக்கு ஏறத்தாழ 20 மில்லி விநாடி வீதம், இருபத்தைந்து பொட்டுகளுக்கு ஒளி பாயும் நேரம் அரை விநாடியே. பழைய முறையில் ஒவ்வொரு பொட்டுக்கும் 100 மில்லி விநாடியோ அதற்கு மேலோ ஆகும். அதுவும் ஒவ்வொன்றாகக் குறி வைத்து, ஒவ்வொன்றாக மிதியை அழுத்தி. முழுச் சிகிச்சைக்கு அரை மில்லிமீட்டர் அளவுள்ள பொட்டுகள் 1,200 முதல் 1,600 வரை வைப்பது அம்முறையின் வழக்கம் என்றால் அமர்ந்திருப்பவரின் பொறுமையை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இப்புதிய முறையைப் பற்றி 2006ஆம் ஆண்டு மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். ஒளி பாயும் நேரம் குறைவதால் வெப்பம் பின்னாலுள்ள நரம்புகளுக்குப் பரவுவதும் குறையும், வலியும் குறையும். ஆனால் பொட்டுகள் சிறிதாகவும் மென்மையாகவும் அமைவதால் அவற்றின் எண்ணிக்கை கூடுதலாகத் தேவைப்படும். முதல் அமர்வில் முகம் சுளித்த என் தாயார், இரண்டாம் அமர்வு முடிந்து வெளியே வந்து, “பச்சை மத்தாப்பு விட்ட மாதிரி இருந்துச்சு வாப்பா” என்றார்.

இந்தச் சிகிச்சையின் பலன் ஆராய்ந்து உறுதி செய்யப்பட்டதாகும். 1970களில் அமெரிக்காவில் 1,700க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு பெரும் ஆய்வு ஒன்று நடந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணுக்குச் சிகிச்சை அளித்து மறு கண்ணை அப்படியே விட்டு ஒப்பிட்டார்கள். சிகிச்சை பெற்ற கண்களில் கடுமையான பார்வை இழப்பு பாதிக்கும் கீழாகக் குறைந்தது. 1976ஆம் ஆண்டு அம்முடிவு வெளியானது. இன்று கண்ணுக்குள் செலுத்தும் ஊசி மருந்துகளும் வந்துள்ளன. நடுப்பகுதி வீக்கத்துக்கு அவையே முதலிடம் பெறுகின்றன. எவருக்கு ஊசி, எவருக்கு லேசர், எவருக்கு இரண்டும் என்பதை மருத்துவரே முடிவு செய்வார்.

இங்கே ஒரு செய்தியை இடைச்செருகலாகச் சொல்ல விரும்புகின்றேன். பஸ்ராவில் ஏறத்தாழ 965ஆம் ஆண்டு பிறந்து, கெய்ரோவில் 1040ஆம் ஆண்டளவில் மறைந்த இப்னுல் ஹைதம் அவர்களின் பெயரை நம் மேடைகளில் அடிக்கடி கேட்கின்றோம். அவரது கிதாபுல் மனாழிர் ஏழு பாகங்களைக் கொண்டது. அவற்றுள் நான்கு, ஐந்து, ஆறாம் பாகங்கள் ஒளி திரும்புவதைப் பற்றியவை. கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகின்றது என்று பலர் நம்பியிருந்த காலத்தில், பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் நுழைவதால்தான் பார்வை உண்டாகின்றது என்று அவர் நிலைநாட்டினார். தட்டைக் கண்ணாடி, உருளை வடிவக் கண்ணாடி, கூம்பு வடிவக் கண்ணாடி என ஏழு வகைக் கண்ணாடிகளை வைத்துக் கதிர் எங்கே திரும்புகின்றது என்பதைச் சோதித்துப் பார்க்க ஒரு கருவியையும் விவரித்தார். அந்நூல் லத்தீன் மொழிக்குச் சென்று, 1572ஆம் ஆண்டு பாஸல் நகரில் அச்சேறியது.

எங்கள் மத்ரஸாவில் இந்தப் பாடத்தை நடத்தியபோது ஒரு மாணவன் எழுந்து, “ஹஜ்ரத், இப்னுல் ஹைதமுக்கு லேசர் தெரியுமா?” என்று கேட்டான். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு அது நல்ல கேள்வியாகவே பட்டது. லேசர் அவருக்குப் பின் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழித்து வந்தது. அந்த விளக்கை அவர் அறியார். ஆனால் ஒரு கதிர் கண்ணாடியில் பட்டால் அடுத்து எந்தப் பக்கம் போகும் என்பதை அளந்து சொல்லும் வழியை அவர் நன்கறிவார் என்று விடை கூறினேன். பிறகு ஒரு கண்ணாடித் துண்டையும் பாகைமானியையும் கொடுத்து, ஒரு பாகைக்கு இரண்டு பாகை என்னும் கணக்கை முற்றத்தில் அவர்களையே அளந்து பார்க்கச் செய்தேன். அவருடைய பெயரைச் சொல்லி நாம் பெருமைப்படுவதில் தவறில்லை. அவர் செய்ததைப் போல் அளந்து பார்க்கும் பிள்ளைகள் நம்மிடையே வளர்ந்தால் அப்பெருமைக்கு நாம் உரியவராவோம். கேள்வி கேட்ட அம்மாணவன் இப்போது மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் பிரிவில் படிக்கின்றான்.

என் தாயாரின் நிலை என்னவென்று நீங்கள் கேட்பீர்கள். மூன்று அமர்வுகளில் வலக் கண்ணின் சிகிச்சை முடிந்தது. அல்ஹம்துலில்லாஹ், அக்கண்ணின் நடுப்பார்வை இன்றளவும் நிலைத்திருக்கின்றது. ஸுப்ஹுக்குப் பின் முஸ்ஹஃபை விரித்து ஓதுகின்றார். எழுத்து சற்றுப் பெரிய பிரதியாக வாங்கிக் கொடுத்திருக்கின்றோம். அதே நேரத்தில், கொடுத்ததற்கான விலையும் தெரிகின்றது. ஓரப் பார்வை குறைந்துவிட்டது. மாலை மங்கினால் படிக்கட்டில் கையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். இடக் கண் திரும்பவில்லை. முகாம் ஓராண்டு முந்தி நடந்திருந்தால் இரு கண்களும் தப்பியிருக்கலாம் என்று மருத்துவர் சொன்னபோது, அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

2023ஆம் ஆண்டு வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வு, நம் நாட்டில் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு உள்ளவர்கள் என்று மதிப்பிட்டுள்ளது. அவர்களுள் ஒருவர் உங்கள் வீட்டில் இருக்கக்கூடும். ஆகவே சில வார்த்தைகள்.

முதுமையை நெருங்கும் வயதில் வழக்கமாக வரும் நீரிழிவு எனில், நோய் கண்டறியப்பட்ட உடனேயே கண்ணையும் பரிசோதிக்க வேண்டும். அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறையேனும், கண்மணியை விரியச் செய்து உட்புறம் பார்க்கும் பரிசோதனை தேவை. மூக்குக் கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையை வாசித்துக் காட்டுவது இதற்கு ஈடாகாது. சொட்டு மருந்தின் மங்கல் சில மணி நேரம் இருக்கும். ஆகையால் துணைக்கு ஒருவர் செல்லுங்கள். சர்க்கரை நோயுள்ள பெண்கள் கருவுற்றால் தொடக்கத்திலேயே கண்ணைக் காட்டிவிட வேண்டும். அக்காலத்தில் நோய் விரைந்து வளரக்கூடும். சர்க்கரையோடு இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைப்பது கண்ணுக்கும் காவலாகும். வீட்டிலேயே செய்யத்தக்க எளிய வேலை ஒன்றும் உண்டு. பெரியவர்களை ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு மறு கண்ணால் நாட்காட்டியின் தேதியை வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு மாற்றிச் சொல்லுங்கள். மறைந்திருக்கும் குறை சில நேரம் இதில் வெளிப்பட்டுவிடும். குறை தெரியவில்லை என்பதற்காக ஆண்டுப் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது.

பெருநாள் கடைகளில் பிள்ளைகள் ஆசையோடு வாங்கும் லேசர் விளக்குகளைப் பற்றியும் எச்சரிக்க வேண்டியிருக்கின்றது. சிகிச்சை அறையில் கண்ணைக் காக்கும் ஒளியும் இதுவும் ஓரினத்தைச் சேர்ந்தவை. பொம்மை என்று விற்கப்படும் சிலவற்றின் வலிமை, கண்ணைப் புண்படுத்தப் போதுமானது. எவர் முகத்தை நோக்கியும் அதை நீட்டலாகாது. கண்ணாடியிலும் பளபளக்கும் பாத்திரத்திலும் பாய்ச்சி விளையாடவும் கூடாது. கண்ணாடி திரும்பினால் கதிர் இரு மடங்கு திரும்பும். அது யாருடைய கண்ணில் போய் விழும் என்பதை விளையாடும் பிள்ளை அறியாது.

லேசர் அறையில் ஒளி தன் வழியைத் தானே தேடிக்கொள்வதில்லை. குறி வைப்பவர் ஒருவர், திரும்பும் கண்ணாடி ஒன்று, அசையாமல் அமர்ந்திருக்கும் நோயாளி ஒருவர் என மூவரும் சேர்ந்தால்தான் அது சென்று சேர வேண்டிய புள்ளியில் சேரும். நோயாளியை அந்த நாற்காலிவரை கொண்டு சேர்ப்பது எந்தக் கண்ணாடியாலும் ஆகாத காரியம். அது வீட்டிலுள்ள மகனுக்கும் மகளுக்கும் மருமகளுக்கும் விதிக்கப்பட்டது. உங்கள் உம்மாவும் வாப்பாவும் கடைசியாக எப்போது கண் பரிசோதனை செய்துகொண்டார்கள் என்று இன்றே கேளுங்கள். நினைவில்லை என்று அவர்கள் சொன்னால், அடுத்த வாரத்தில் ஒரு நாளைக் குறித்துவிட்டு, அவர்களோடு நீங்களே புறப்படுங்கள்.